ஞாயிற்றுக்கிழமை ப்ரன்ச்சுக்கு வாசித்தவர்

என் வீட்டுக்காரர் ஜெபசிங்கைப் பற்றி எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும், தங்கமான மனுஷன், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்பார்கள். தங்கத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது சுகம்தான். குடும்பம் நடத்திப் பார்த்தவள் நான்.

பாறசாலைப் பக்கம் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் ஒரு பெயின்ட் கடையில் சேர்ந்தார். டின் தூக்குவது, நிறம் கலப்பது, வண்டியோடு போய் இறக்கிவிட்டு வருவது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் தமிழ்ச் சபையின் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சம்பளம் கிடையாது. கல்யாணமான நாள் தொட்டு ஆராதனையில் நான் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஆர்கனோ, மழைக்காலம் வந்தால் இருமும், சில கட்டைகளை அழுத்தினால் எழும்பவே எழும்பாது. அதை வைத்துக்கொண்டு சபையைப் பாட வைத்தார். அந்த இருக்கை இல்லாவிட்டால் அவர் வெறும் பெயின்ட் கடை ஆள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரிசார்ட்டில் வெள்ளையடிப்பு நடந்தது. பெயின்ட் ஏற்றிய டெம்போவோடு போனவர், அங்கே சாப்பாட்டு ஹாலில் துணி போட்டு மூடியிருந்த பியானோவைப் பார்த்துவிட்டார். நிஜப் பியானோ. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துணியை விலக்கி வாசித்திருக்கிறார். திட்டத்தான் வந்தார் அங்கே மேனேஜராக இருந்த ஜெயன். கேட்டு முடித்தபின் வேலைக்கே கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ரெண்டு வேலை சொல்லுதாரு பிள்ளே. ஒண்ணு, ராத்திரி பார்ல வாசிக்கணும். இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ப்ரன்ச்சு."

"அது எந்து சாதனம்?"

"காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒண்ணாச் சேந்தது. குடும்பமா வருவாவளாம், பிள்ளையளக் கூட்டிக்கிட்டு."

பார் என்றதும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. எங்கள் சபையில் குடிக்கிறவனுக்கும், குடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவனுக்கும் எந்தப் பொறுப்பும் கிடையாது; குடித்தவனைச் சபையை விட்டே விலக்குவதும் உண்டு. ஆகையால் என் ஆள் யோசித்து, பட்டப்பகலில், குழந்தைகுட்டியோடு வந்து சாப்பிடுகிற இடம்தான் சுத்தமான இடம் என்று ப்ரன்ச்சைத் தேர்ந்தெடுத்தார். எட்டு மணி ஆராதனை முடிந்து பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். அவர் தேர்ந்தெடுத்த லட்சணம், முதல் ஞாயிறன்றே வாசலில் இருந்த பலகையைப் படித்தபோது தெரிந்தது. ஷாம்பெய்ன் ப்ரன்ச். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். வெயிலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே குடிக்கிறவர்கள் உண்டு என்று சாலைக் கம்போளத்தில் யாருக்குத் தெரியும்?

"பகல்லயே குடிக்காவ பிள்ளே," என்று அன்று சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அப்ப விட்டிருங்க. சபைக்குத் தெரிஞ்சா ஆர்கன்ல இருந்து எறக்கிருவாவ."

"அந்தப் பியானோவ நீ கேக்கல்ல."

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். நான் கத்தினேன், பட்டினி கிடந்தேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், "ஒரு தடவ வந்து கேளு சபீனா. அப்புறமும் வேண்டாம்னு சொன்னா விட்டிருதேன்," என்றார். ஜெயன் சாரும் வீட்டுக்காரியை அழைத்து வரலாம் என்று அனுமதித்திருந்தாராம்.

போனேன். பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு தூணோரம் எனக்கு இடம் கொடுத்தார்கள். கடல் தெரிந்தது. இறால், அப்பம், வெளிநாட்டுப் பாலாடைக்கட்டி, சாக்லேட் வழிகிற ஒரு கோபுரம், எனக்கு எதை எடுப்பதென்றே தெரியவில்லை. அப்புறம் அவர் வாசிக்கத் தொடங்கினார். சொல்லாமல் என்ன, எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இருமல் பெட்டியில் இத்தனை காலம் இந்த மனுஷனைக் கட்டிப் போட்டிருந்தோமே என்று சபை மேலேயே கோபம் வந்தது. இதை விடச் சொல்ல என்னால் முடியாது என்று அப்போதே புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஜன்னலோர மேசையைப் பார்த்தேன். எங்கள் சபைச் செயலாளர் வேதமாணிக்கம் சார்! பக்கத்தில் அவர் மனைவி பொன்னம்மை, மகள் சுஜா, எதிரே சுஜாவுக்கு நிச்சயித்திருந்த பெங்களூர் மாப்பிள்ளையும் அவன் அப்பா அம்மாவும். அன்று காலை சாருக்குப் பிரஷர், ஆராதனைக்கு வர முடியாது என்று சபையில் சொல்லியிருந்தார்கள். பிரஷர்காரர் கையில் நுரை பொங்கும் கிளாஸ் இருந்தது. சும்மா மரியாதைக்கு எடுத்து வைத்ததுபோல் இல்லை, நன்றாகவே குடித்திருந்தார்.

என் வீட்டுக்காரர் வாசிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் இல்லை. காலையில் வாசித்த விரல்கள் அல்லவா, எங்கோ போய்ச் சுற்றிவிட்டு, சபையில் காணிக்கைத் தட்டு பீடத்துக்கு வரும்போது வாசிக்கிற ராகத்தில் போய் விழுந்தன. அந்த ராகம் கேட்டால் எங்கள் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். தூக்கத்தில் கேட்டாலும் நிற்பார்கள். பொன்னம்மை எழுந்தாள். சுஜா எழுந்தாள். வேதமாணிக்கம் சார் கையில் கிளாஸோடு விறைப்பாக எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா, ஏதோ வாழ்த்துச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துத் தானும் எழுந்து, "சியர்ஸ்!" என்று கிளாஸைத் தூக்கினார். அடுத்த மேசை வெள்ளைக்காரர்களும் தூக்கினார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடுதான் வேதமாணிக்கம் சார் என்னைப் பார்த்தார். பிறகு பியானோவைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டதும் என் சிரிப்பும் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரும் அப்போதுதான் நிமிர்ந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வேதமாணிக்கம் சார் நெஞ்சு குறுகுறுத்தது எங்கள் தலையில் வந்து விடிந்தது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்னால் அவர் முந்திக்கொண்டார். அதற்கு இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. சபையில் ஆர்கன் வாசிப்பவர் கர்த்தருடைய நாளில் குடிகாரர் மத்தியில் போய்ப் பியானோ வாசிக்கிறார் என்று புகார். கொடுத்தவர் சாட்சாத் வேதமாணிக்கம் சார். என்னையும் வாசற்படி அருகே நிற்கவிட்டார்கள்.

"உண்மையா ஜெபசிங்?" என்று போதகர் கேட்டார்.

"உண்மைதான் ஐயா. வாசிக்கேன்."

"யாரு பாத்தது?"

"நம்ம சபையார் ஒருத்தர்," என்றார் வேதமாணிக்கம் சார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

என் ஆள் பேசுவார், பேசுவார் என்று பார்த்தேன். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

"ஒருத்தர் இல்ல ஐயா, இவருதான்! குடும்பத்தோட ஜன்னலோரம் இருந்து குடிச்சாரு. எந்தக் கையில கிளாஸ் இருந்துச்சுன்னு கேளுங்க!"

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. போதகர் மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல ஐயா. நம்ம சபையார் யாரும் அங்க வரல்ல. இவ கோவத்துல வாய்க்கு வந்தத சொல்லுதா. மன்னிச்சிருங்க," என்றார்.

பொய்யே தெரியாத மனிதர் என்று பேர் எடுத்தவர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஆர்கனிலிருந்து அவரை இறக்கினார்கள். சபைப் பெரியவர் மேல் அவதூறு சொன்னவள் என்று எனக்குப் பேரும் கிடைத்தது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "நான் பொய்க்காரியா? சொல்லுங்க, நான் பொய்க்காரியா?"

"சுஜா கடைக்கு வந்துச்சு," என்றார். "டின்னுகளுக்கு இடையில நின்னு கண்ணீர் விட்டுக் கரஞ்சுது. கல்யாண ஓலை ரெண்டு ஞாயிறு சபையில வாசிச்சாச்சு, மூணாவது பாக்கி. அவ அப்பன சபை விலக்கினா ஓலை நின்னுரும், மாமா, என் கல்யாணம் நின்னுரும்னு கரஞ்சுது. நான் வாசிக்கச் சொல்லிக் குடுத்த பிள்ளை. என்ன செய்ய?"

"அதுக்கு என் தலைதான் கிடச்சுதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட."

அதில் பொய்யில்லை. சொல்லியிருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டேன். இருந்தாலும் அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ரிசார்ட்டுக்கும் அவர் அதோடு போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு, வேண்டாம் என்று அவர் சொல்லியும் ஆராதனைக்குப் போனேன். அவரும் வந்து, பெஞ்சில், ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். எவனோ ஒரு பையன் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டு வாசித்தான். என் பெஞ்சில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. போதகர் சுஜாவின் மூன்றாவது ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை பேர், பெண் பேர், தகப்பன் பேர் எல்லாம் வாசித்துவிட்டு, "தடை சொல்ல விரும்புகிறவர்கள் இப்போது சொல்லலாம்," என்றார்.

எல்லா ஓலைக்கும் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்று சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வேதமாணிக்கம் சார் பார்த்தார். சுஜா பார்த்தாள், பாவம். என் வீட்டுக்காரர் மட்டும் பார்க்கவில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்கு. வேதமாணிக்கம் சாருக்கு ஆத்திரம் தீரக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை.

வாயைத் திறந்திருந்தால் என் மானம் திரும்பியிருக்கும். தன் வாழ்நாளில் என் வீட்டுக்காரர் சொன்ன ஒரே பொய்யும் வீணாய்ப் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.