வெளியே விட்ட காது

கொட்டகலையில் நான் படிப்பிக்கும் பாடசாலை மண்டபத்துக்கு ஒரு பல்கலைக்கழகப் பாடகர் குழு ஒத்திகைக்கு வந்தது. பாதிப் பேர் மலையகப் பிள்ளைகள். குழுவை நடத்தியவர் ஒல்லியான, உயரமான மனிதர். பல வருடமாக இதே வேலைதானாம். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். ஒரு காதை மட்டும் வெளியே விட்டிருந்தார். முன்னால் நின்று கையசைப்பது குறைவு. பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், அந்தக் காதைச் சாய்த்தபடி நடந்துகொண்டே இருப்பார்.

அன்று ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சத்தமாகப் பாடினார்கள். அவர் நிறுத்தினார்.

“லயத்துல வளந்தவங்க யாரு?”

லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். முதலில் ஒரு கையும் எழவில்லை. பிறகு அக்கரப்பத்தனைப் பிள்ளை ஒருத்தி மட்டும் தூக்கினாள்.

“பக்கத்து வீட்டுல சண்டைன்னா என்ன செய்வீங்க?”

“டீவி சத்தத்தக் கொறைப்போம் சேர்.”

“எதுக்கு?”

“என்ன பேசுறாங்கன்னு கேக்கத்தான்.”

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அதேதான். உங்க சத்தத்தக் கொறச்சிட்டு, பக்கத்துல நிக்கிறவங்களக் கேட்டுப் பாடுங்க.”

அடுத்த முறை பாடியபோது யாருடைய குரல் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பிளேன்டீ குடிக்கையில், “சேர் எந்தத் தோட்டம்?” என்று கேட்டேன். லயத்து ஆள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“நான் கொழும்புங்க. எங்க வீட்டுக்குப் பெரிய மதில். பக்கத்து வீட்டு ஐயா செத்தது, பேப்பரப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்து, அந்தக் காதையும் மூடிக்கொண்டார்.