ஒன்பதாவது வீட்டில் பிஸ்கட்

கைறுன்னிஸாவுக்கு வயது நாற்பத்தேழு. போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளை டவுனில் அவர் குடிபுகுந்தது ஒன்பதாவது வாடகை வீடு.

வீடு மாறுவதைப் பற்றி இனி யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் குர்ஆனும் உப்பும் அரிசியும் உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் லொறியிலிருந்து அலுமாரி இறங்கும். முன்பு இருந்தவர்களின் வாடை போகும்வரை பினாயில் ஊற்றித் தரையைத் தேய்ப்பார். மாலை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாகப் போவார். கதவு மூலை, கட்டிலடி எதுவும் விடுபடாது. புகை கண்ணைக் கரித்தால்தான் அது தன் வீடு என்று அவருக்கு மனம் ஒப்பும்.

கணவர் றஹீமுக்கு சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வாரத்தில் ஒரு நாள் வருவார். மகள் ஆதிபா தாதிப் பயிற்சிக்காகக் கண்டியில் தங்கிப் படிக்கிறாள். போகும்போது அவள் விட்டுப்போனது ஒரு ஹம்ஸ்டரை. பிஸ்கட் நிறம், அதனால் பெயரும் பிஸ்கட். எட்டாவதான பலாபத்வல வீட்டையும் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று ஆதிபா போனில் வெடித்தாள்.

"ஒவ்வொரு தரமும் வேற வீடு. அங்க எனக்குன்னு என்ன இருக்கு? பிஸ்கட்டப் பாக்கத்தான் வாறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல."

கைறுன்னிஸா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். போனை வைத்த பிறகுதான் அது சிரிக்கிற பேச்சில்லை என்று பட்டது. எதற்காக வந்தால் என்ன, மகள் வந்தால் போதும். அன்றிலிருந்து பிஸ்கட்டின் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தன் சோற்றுக்கு முன்னால் நிரப்பினார்.

ஞாயிறு காலையில் பழைய கூட்டைக் காலிசெய்து, பிஸ்கட்டை ஓட்டை போட்ட சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். நல்ல வேளை. லொறியில் அலுமாரி சரிந்து கூட்டை நசுக்கிவிட்டது. றஹீம் அன்றே எங்கோ அலைந்து, இரண்டு தட்டு வைத்த நீலக் கூடு ஒன்றை வாங்கி வந்தார்.

கைறுன்னிஸா அதைப் பினாயிலில் கழுவி வெயிலில் காயவைத்தார். புதிய மரத்தூள் பரப்பினார். பொழுது சாய, வீட்டுக்குக் காட்டிய சாம்பிராணியைக் கூட்டுக்கும் ஒரு சுற்றுக் காட்டி, பிஸ்மி சொல்லி பிஸ்கட்டை உள்ளே விட்டார்.

அது மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. காது மடங்கிக் கிடந்தது. திங்கட்கிழமை முழுக்கச் சூரியகாந்தி விதை வைத்தபடியே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கைறுன்னிஸா மகளுக்குப் போன் எடுத்தார்.

"சாப்பிடுதில்ல மகள். மூலையிலேயே கெடக்கு."

"புதுக் கூட்ட என்ன செஞ்சீங்க?"

"நல்லாக் கழுவினேன்."

"எதால?"

"பினாயிலால."

"பொறகு?"

"பொறகு, சாம்பிராணி கொஞ்சம் காட்டினேன்."

"உம்மா! அது என்ன, வீட்டுக்கு வந்த மௌலவியா, சாம்பிராணி புடிச்சு உள்ள கூப்பிட?"

"வீட்டுக்குக் காட்டினேன், அதோட சேத்துத்தான்."

"பழைய மரத்தூள் எங்க?"

"வீசிட்டேன். ஒரே மூத்திர நாத்தம்."

"அந்த நாத்தம்தான் உம்மா அதுக்கு வீடு. அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எல்லாம் வாசத்துலதான். இப்ப யாருட வீட்டுல இருக்கோம்னு அதுக்கே தெரியாது. அது செத்துப் போச்சுன்னா நான் அங்க வந்து என்ன செய்ய?"

கைறுன்னிஸா இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கிறவர். சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழுந்து இடியப்ப உரலைப் பிழிந்த கை இன்னும் கடுத்தது. பிரிக்காத மூட்டைகள் கூடம் முழுக்கக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு பலாபத்வல பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை.

பழைய வீட்டுக்கு முந்திய நாள்தான், வீடு பார்க்க வந்தபோது பழகிய பிரதீபாவின் குடும்பம் குடிவந்திருந்தது. கதவைத் திறந்தவள் திகைத்தாள்.

"வாங்கக்கா, எதையாச்சும் விட்டுட்டுப் போய்ட்டீங்களா?"

"குப்பைய, தங்கச்சி. பின்பக்கம் ஒரு சாக்கு வச்சேனே, இருக்கா?"

"குப்பையத் திருப்பிக் கேட்டு வந்த ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்! இருக்குக்கா. பின்னேரம் கொளுத்தணும்னு அவரு சொல்லிட்டுப் போனாரு."

கைறுன்னிஸா விஷயத்தைச் சொன்னார்.

"எலிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"எலி இல்ல, ஹம்ஸ்டர்."

"என்ன பேரு வச்சாலும் வாலு அறுந்த எலிதானேக்கா."

சொன்னாலும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளும் சாக்கைக் கவிழ்க்க உதவினாள். வெங்காயத் தோலுக்கும் கிழிந்த கலண்டருக்கும் அடியில் இரண்டு கைப்பிடி மரத்தூள் கிடைத்தது. ஈரமாக, விதைத் தோலும் கிழித்த கடதாசியும் கலந்து. கைறுன்னிஸா அதைப் பொலித்தீன் பையில் பத்திரமாக முடிந்தார்.

பிளேன்டீ கொடுத்துவிட்டு பிரதீபா தயங்கினாள். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்கக்கா. வீட்டுல மணம் வேற மாதிரி இருக்கும். நேத்து மஞ்சத்தண்ணி தெளிச்சு, எல்லா ரூமுக்கும் சாம்பிராணி போட்டுட்டோம்."

இந்த வாரத்தில் கைறுன்னிஸா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "நானும் அதத்தான் செஞ்சேன் தங்கச்சி. அதாலதான் இங்க வந்து குப்ப கெளர்றேன்."

வீட்டுக்கு வந்து கூட்டை வெறும் தண்ணீரில் மூன்று தரம் அலசித் துடைத்தார். புதிய தூளைப் பரப்பி, மூலையில் பழையதைக் குவித்தார். பாதிக் கூட்டைத் தன் பழைய சால்வை ஒன்றால் மூடினார். போய்ப் போய்ப் பார்க்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். அது ஒன்றுதான் அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. அசர் தொழுத பாயிலேயே சாய்ந்தவர் அயர்ந்துவிட்டார்.

புதன்கிழமை விடிய, அடுப்பு மூட்டுமுன் போய்ப் பார்த்தார். கிண்ணத்தில் விதை ஒன்றுகூட இல்லை. கம்பி வழியாகச் சால்வையை இழுத்துக் கடித்து, நூல் நூலாகப் பிரித்து, பழைய தூளின் மேல் அடுக்கி, அதற்குள் பிஸ்கட் உருண்டு படுத்திருந்தது. கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. சால்வையில் உள்ளங்கை அளவு ஓட்டை.

படம் எடுத்து அனுப்பினார். உடனே ஆதிபா போன் எடுத்தாள்.

"கைய உள்ள போட்டுடாதீங்க உம்மா. ஒரு கெழமைக்கு அப்படியே விடுங்க." பிறகு கேட்டாள்: "என்ட கட்டில எந்த அறையில போட்டிருக்கீங்க?"

கட்டில் இன்னும் பலகை பலகையாகக் கயிற்றால் கட்டி, சுவரில் சாத்திக் கிடந்தது.

"ஜன்னல் உள்ள அறையில, மகள்" என்றார் கைறுன்னிஸா.

வெள்ளிக்கிழமை பகல் வகுப்பு முடிந்ததும் ஆதிபா கண்டியில் பஸ் ஏறுவாள். றஹீமுக்கு அதற்குள் லீவு இல்லை. கட்டிலைக் கைறுன்னிஸாதான் பொருத்திப் பூட்ட வேண்டும்.