சுருங்காத துணி

காலை பத்தரைக்குக் கோவையில் பஸ் ஏறினேன். சோமனூர், சாமளாபுரம், மங்கலம் வழியாகத் திருப்பூர்; ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நாங்கள் ஐந்து பேர் ஆறு வருடமாக மொழிபெயர்த்த பைபிளின் புதிய ஏற்பாடு காகிதக் கட்டாக மடியில் இருந்தது. மறுநாள் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். அதில் ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் குழுவோடு மல்லுக்கு நின்றவன் நான்.

பழைய சட்டையில் புதுத் துணியை ஒட்டுப் போடக் கூடாது என்று இயேசு சொல்லும் இடம் அது. புதுத் துணி பிறகு சுருங்கி, கிழிசலைப் பெரிதாக்கிவிடும். பழைய மொழிபெயர்ப்பில் 'கோடி' என்று இருக்கும். இன்றைக்குக் கோடி என்றால் பணம், இல்லாவிட்டால் இழவு வீட்டில் போடும் துணி. வெறும் 'புதுத் துணி' என்றால் சுருங்குகிற சங்கதி விட்டுப்போகிறது. ஆகவே, இன்னும் சுருங்கி முடியாத துணி என்ற அர்த்தத்தில் 'சுருங்காத துணி' என்று எழுதினேன். கிரேக்க மூலத்துக்குக் கச்சிதம். பெரிய சாதனை என்று உள்ளூர நினைப்பு வேறு.

சாமளாபுரத்தில் தறிச் சத்தம் பஸ் சத்தத்தையே அமுக்கியது. பக்கத்து இருக்கைக்காரர் கட்டைப் பார்த்தார்.

"புஸ்தகம் விக்கறீங்களா?"

"இல்லீங்க. எழுதினது புரியுதான்னு பார்க்கப் போறேன்."

"திருப்பூர்லயா? அங்க யாருக்குங்க நேரம் இருக்குது!"

மதியம் ஒரு மணி. மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி, சாப்பாட்டு இடைவேளை. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ராணி, சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அவர்தான் தோழிகளைக் கூட்டி வைத்திருந்தார். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: 'புரிந்ததா' என்று கேட்கவே கூடாது, எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அதுவும் வேதத்தைக் கேட்டே இராதவர் சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்படிக் கிடைத்தவர் செக்கிங் பிரிவு சரஸ்வதி, அவிநாசிக்காரர்.

வாசித்தேன். சரஸ்வதி டிபன் பாக்ஸை மூடிவிட்டு யோசித்தார்.

"பழைய சட்டைக்குச் சுருங்காத துணியை ஒட்டுப் போடக் கூடாதுங்கறாருங்க. ஏனுங்க சார், சுருங்காத துணின்னா நல்ல துணியாச்சுங்களே? அதைக் கேட்டுத்தான் சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் எங்க உசுரை எடுக்கறாரு. அதை உட்டுப்போட்டு சுருங்கற துணியையா போடுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சொல்ல வந்ததற்கு நேர் எதிராக எழுதி வைத்திருக்கிறேன்! திருப்பூரில் 'சுருங்காத' என்றால் எந்தக் காலத்திலும் சுருங்காதது.

"உங்களுக்குத் தோணலியா?" என்று ராணியிடம் கேட்டேன்.

"எனக்கு அது மனப்பாட வசனம் சார். நீங்க எதை வாசிச்சாலும் பழசுதான் என் காதுல விழுது."

வெட்கத்தை விட்டுச் சரஸ்வதியிடமே கேட்டேன்: "அப்ப எப்படிங்க சொல்லலாம்?"

"தண்ணி படாத துணின்னு சொல்லுங்க. ஒருக்கா நனைச்சாத்தானுங்க துணியோட வண்டவாளம் தெரியும்."

'தண்ணீர் படாத புதுத் துணி' என்று மாற்றி மறுபடி வாசித்தேன்.

"ஆமாங்க. துவைச்சா அது சுருங்கி இழுக்கும், பழசு இன்னும் கிழியுமுங்க. எந்தப் பைத்தியக்காரன் போடுவான்?"

அந்தக் கடைசி வாக்கியத்தையும் வேதத்தில் சேர்த்துவிட ஆசையாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. வாசலில் நின்று குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்துவிட்டு, "மாத்திருங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். குழுவில் ஐந்து ஆண்கள். ஐவருக்கும் கிரேக்கம் தெரியும். ஒருவராவது தன் சட்டையைத் தானே துவைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை, என்னையும் சேர்த்து.

சாயங்காலம் ஐந்தரை. வீட்டில் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சுருங்காத துணின்னா என்ன?" என்று கேட்டேன்.

"துவைச்சாலும் சுருங்காது. ஏன்?"

திருப்பூரில் நடந்ததைச் சொன்னேன். என் சட்டையை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இதைக் கேக்கறதுக்கா அம்பது கிலோமீட்டர் போனீங்க?"