கைப்பிரதி கொடுக்கப் போன இடத்தில்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஆதம்பாக்கத்தில் ஒரு சிறிய சபையில் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளுக்கு ஒருவரைப் புதிதாக அழைத்து வரவேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கோ சென்னையில் பேசக்கூட ஆள் கிடையாது. சபையில் தனியாகப் போய் நிற்கக் கூச்சப்பட்டு, சனிக்கிழமை மாலை இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். யாரும் வாங்கவில்லை.

மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிரதர், இயேசு உங்கள நேசிக்கிறார்" என்று ஒரு பிரதியை நீட்டினேன். அவரும் தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னா பிரதர், உன்ன எங்க சபைக்கு இட்டுனு போலாம்னு நான் பாத்துக்கினு கீறேன். நீ என்னையே புடிக்க வர்றியா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"சரி நைனா, காலைல நீ எங்க சபைக்கு வா. சாயங்காலம் நான் உங்க சபைக்கு வர்றேன்."

மறுநாள் காலை அவருடைய சபையில், முதல்முறை வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார்.

காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போன பகுதியை வேதத்தில் பலமுறை வாசித்திருக்கிறேன். எப்போதும் என்னை மேய்ப்பனாகத்தான் நினைத்துக்கொள்வேன். அந்த ஆட்டுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.