சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாட்களில், ஒரு காலை வெள்ளிமலைத் தடுப்பூசி முகாமுக்குப் போகச் செவிலியரான எனக்கு வண்டி கிடைக்கவில்லை. சாலையெங்கும் மரங்களைச் சாய்த்திருந்தார்கள், பஸ்கள் நின்றுவிட்டன. மருந்தைக் குளிர் போகாமல் கொண்டுபோகும் வேக்சின் கேரியர் பெட்டியில் ஐஸ் பேக் வைத்தாகிவிட்டது. அது உருகுவதற்குள் நான் மலையேற வேண்டும். தாய்மார்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு காட்டுவழியே நடந்து வந்து காத்திருப்பார்கள். இம்முறை ஏமாந்து திரும்பினால் மறுமுறை வரமாட்டார்கள்.

புறப்பட முன்வந்தது லட்சுமணனின் வாடகை ஜீப் ஒன்றுதான்.

"அந்தாளு வண்டியிலயா? வேணாம்மா," என்றார் எங்கள் கள்ளக்குறிச்சி ஆபீஸ் கிளார்க். "சீட்டுக்கு அடியில எப்பவும் பாட்டில் இருக்கும். மலையடிவாரத்துல நிறுத்தி ஊத்திக்கினுதான் ஏறுவான். ஊரே சொல்லுது."

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"நான் ஏம்மா அதுல ஏறப்போறேன்?"

நான் ஏறினேன். லட்சுமணன் வாயே திறக்கவில்லை. சாராய வாடை எதுவும் இல்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டுகொண்டுதான் இருந்தது. வழக்கம்போல் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். ஏழுமலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பொட்டியில இன்னா? போலீசுக்குக் கண்ணீர்ப்புகை குண்டு போவுதுன்னு சொல்றாங்க."

"கொழந்தைங்களுக்குத் தடுப்பூசிங்க."

"அவங்களும் சொல்றாங்க, நீங்களும் சொல்றீங்க. தொறந்து காட்டுங்க. கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

யார் சொல்வதையும் அப்படியே ஏற்காமல் நேரில் பார்த்துத் தெளிய வேண்டும் என்பது என் கொள்கை. அதை இன்னொருவர் என்னிடமே இவ்வளவு பிடிவாதமாகச் சொன்னபோது சங்கடமாகிவிட்டது. அந்த வெயிலில் ஆளுக்கொரு முறை எட்டிப் பார்த்தால் மருந்து வீணாகிவிடும்.

"இங்க தொறந்தா குளிரு போயிடுங்க. முகாம்ல தொறக்கத்தான் போறேன். கூட வந்து பாருங்க."

அவர் தயங்கினார். "போய்ப் பாத்துக்கினு வா மாமா!" என்று மற்றவர்கள் அவரைத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். ஜீப் பக்கத்துக் கொல்லைக்காட்டில் இறங்கி மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

அடிவாரத்தில் லட்சுமணன் வண்டியை நிறுத்தினார். பாட்டிலை எடுத்தார். நான் புத்தகத்தை மூடினேன். ஏழுமலை என்னைப் பார்த்தார். ஊர் சொல்வது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. லட்சுமணன் பானெட்டைத் தூக்கி, பாட்டிலை அதற்குள் கவிழ்த்தார்.

"இன்னாண்ணே ஊத்துற?"

"பிரேக் ஆயிலு. ஒழுகிக்கினே இருக்குது. இங்க ஊத்திக்கினா மேல போற வரைக்கும் பிரேக்கு புடிக்கும்."

குடிப்பது லட்சுமணன் அல்ல, ஜீப்தான் என்று தெரிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்வை நிம்மதி என்று சொல்ல முடியாது. ஏழுமலை ஜீப்பின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நீ குடிச்சிருந்தாலே தேவலாம்ணே."

அவ்வளவு நிதானமாக மலையேற்றிய ஓட்டுநரை நான் பிறகு கண்டதில்லை. பிரேக்கை நம்ப முடியாதவர் வேறு எப்படி ஓட்டுவார்?

பாதி வழியில், ஏன் பேசாமலே வருகிறீர்கள் என்று லட்சுமணனிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க எப்பவும் புஸ்தகமும் கையுமா இருக்கறவங்க, ஒரு வார்த்தை ஜாஸ்தியா பேசுனாலும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுருவீங்கன்னு சொன்னாங்கம்மா."

"யாரு?"

"உங்க கிளார்க்கு சாருதான்."

முகாமில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். கேரியரைத் திறந்தபோது ஐஸ் இன்னும் உருகி முடியவில்லை. ஏழுமலை குனிந்து பார்த்தார். "குண்டு இல்லீங்க," என்று, கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி அறிவித்தார். பிறகு ஊசிக்கு அலறிய பிள்ளைகளை மதியம் வரை மடியில் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளை அவர் துண்டை நனைத்தது. அவிழ்த்துக் காயப்போட்டுவிட்டு அடுத்த பிள்ளையை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது மட்டும் ஜீப்பில் ஏற மறுத்து, நடந்தே இறங்குவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டவர் அல்லவா!

மறுவாரம் கிளார்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, போராட்டக்காரர் ஒருத்தரை நீங்க மலைக்குக் கடத்திக்கினு போயிட்டீங்களாமே? ஊரே சொல்லுது."

புதிதாகப் பணிக்கு வரும் செவிலியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரைப் பற்றிக் காதில் விழுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவரோடு ஒரு பயணமாவது போய்வரும் வரை முடிவைக் கேரியர் போல மூடியே வைத்திருங்கள். மலை ஜீப்பில் ஏறும்போது ஓட்டுநரின் வாயை மோந்து பார்க்க வேண்டாம். பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காட்டச் சொல்லுங்கள்.