பல்லுக்கும் மூன்றாம் வகுப்பா?

என் மகள் தேவியின் பல்வரிசையை மூன்றாம் வகுப்பில் தள்ளியது அநியாயம்.

இன்று ஈப்போவில் பல் டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்துவிட்டு, "கிளாஸ் த்ரீ அங்கிள், கம்பி போடணும்" என்றார்.

"தைப்பிங்லருந்து ரயில்ல வந்ததுதான்மா தேர்ட் கிளாஸ். பல்லுமா?"

"ஐயோ, இது மார்க் இல்ல அங்கிள்! ரெண்டு தாடையும் சரியா பொருந்தினா ஒண்ணு. மேல்பல் முன்னால வந்தா ரெண்டு. கீழ்த்தாடை முந்தினா மூணு."

"முந்துறவனுக்குக் கடைசி இடமா? ஒத்துக்க மாட்டேன்லா. வாம்மா, போலாம்."

கையால் வாயை மூடியே சிரிக்கும் என் மகள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் கையை எடுத்துட்டுச் சிரிக்கணும். இந்தத் தாடையும் உங்ககிட்டருந்து வந்ததுதானே!"

சரி, தேவி கம்பி போட்டுக்கொள்ளட்டும். டாக்டரம்மா எண்களைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இதைப் படிக்கும் நீங்களும் கண்ணாடி பார்த்து, உங்கள் பல் எந்த வகுப்பு என்று எனக்கு உடனே சொல்ல வேண்டும்.