அரக்கும் கத்தரிப்பூவும்

என்ஜினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் கழுத்தில் பட்டு நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறார் கமலக்கண்ணன். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். வழுக்கும், அதனால்தான் பல். அதே நிறத்தில் இன்னொரு துண்டு, ராடின் அடிமூடிக்கு.

ஒரு ராடின் மூடி பக்கத்து ராடுக்கும் பொருந்துவதுபோலத் தெரியும், பொருந்தாது. மற்ற மெக்கானிக்குகள் உளியால் புள்ளி குத்தி அடையாளம் வைப்பார்கள். இவருக்கு அது ஆகாது. "சுத்தி பட்டுச்சின்னா அது ராடே இல்ல" என்பார். ஆரணியில் நூலுக்குப் பஞ்சமா? மனைவி எழிலரசி தறியில் மிஞ்சிய துண்டுகளைத் தருவாள். முதல் ராடுக்கு மாம்பழ மஞ்சள், அடுத்ததற்கு அரக்கு, மூன்றாவதற்குக் கிளிப்பச்சை.

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குந்தினால் எழ முடிவதில்லை. சுவரைப் பிடிப்பாரே தவிர ஆளைப் பிடிக்கமாட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "கீறேன்." அதற்கு மேல் பேச்சு வராது.

போன வாரம் பச்சை தீர்ந்துபோனது. எழிலரசி கத்தரிப்பூ நிறத்தை நீட்டினாள்.

"இன்னாடி கலரு இது?"

"என்ஜினுக்குத்தான கட்டப்போறீங்க, கல்யாணப் பொண்ணுக்கா?"

அது வாடகை வண்டி ஓட்டும் பழனியின் ஆம்னி வேன் என்ஜின். சிறுநீரகம் பழுதான இன்னாசியம்மாளை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போய் வரும் வண்டி. மறுநாள் காலை அவள் போயாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மாலைக்குள் வண்டி ரெடி என்று சொல்லியிருந்தார் கமலக்கண்ணன்.

கழுவப் போட்ட மண்ணெண்ணெயில் ஊறியதில் அரக்கும் கத்தரிப்பூவும் ஒரே கறுப்பாகிவிட்டன. அவருக்கோ அசதி. மூடிகள் இரண்டும் ராடு மாறி ஏறின. போல்ட்டை முடுக்கிவிட்டு என்ஜினைச் சுற்றினால் இறுக்கம். நீளக் கைப்பிடி போட்டு இன்னும் சுற்றினார், கரகரவென்றது.

"மாட்டி வுடுண்ணா, ஓட ஓட ஃப்ரீ ஆயிடும்" என்றான் பழனி.

"ஆவாது. கண்ணமங்கலத்தாண்ட நடுரோட்ல நின்னுடும். அந்தம்மாவ வச்சிகினு இன்னா பண்ணுவ?"

"பேஜார் பண்ணாதண்ணா! நாளைக்கு முகூர்த்தம், ஊர்ல ஒரு வண்டி கெடைக்காது."

கமலக்கண்ணன் மறுபடி பிரித்தார். பேரிங்கில் கோடு விழுந்திருந்தது. புதுசு வேலூரில்தான் கிடைக்கும், அன்றைக்கு இனி ஆகாது.

"கலர் மாறிப்போச்சி. என் தப்புதான். நாளைக்கு காலைல நீ அந்தம்மாவ ஜல்தியா பஸ் ஸ்டாண்டுக்கு இட்டுகினு வந்துடு" என்றார்.

மறுநாள் காலை வேலூர் பஸ் நிற்குமுன்பே கல்யாணக் கூட்டம் பட்டும் பூவுமாக மொய்த்துக்கொண்டது. கமலக்கண்ணன் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தார்.

"யோவ், துண்டு போட்டா உன் சீட்டா?" என்றான் ஒருவன்.

"ஆமா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

பழனியின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னாசியம்மாள் படியேறி வந்தாள். கமலக்கண்ணன் எழுந்து அவளை உட்காரவைத்தார். அவள் நகர்ந்து பாதி இடம் விட்டாள்.

"ஒண்டிக்கோப்பா."

"நீ கால நீட்டிக்கம்மா" என்றவர், மேல்கம்பியைப் பிடித்தபடி வேலூர்வரை நின்றே வந்தார்.